இரண்டு பேருக்கு எவ்வளவு மீன்

மஞ்சக்குப்பம், கடலூர்,
ஞாயிறு இரவு.

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

மே மாதம் புதுச்சேரியிலிருந்து நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவில் இருந்த மீன் வஞ்சிரம் இல்லை, சீலா. வஞ்சிரம் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய். துண்டின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வஞ்சிரத்தின் தோல் வழவழவென்று இருக்கும், செதில் தடமே தெரியாது. உன் தட்டில் இருந்த துண்டில் செதில் உரித்த தடம் வரிசையாகத் தெரிகிறது. வெட்டிய வடிவமும் வேறு. வஞ்சிரத் துண்டு நீள்வட்டமாக வரும், இது கிட்டத்தட்ட வட்டம். சீலா குழம்புக்கு நல்ல மீன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சீலாவைச் சீலா விலைக்குத்தான் வாங்க வேண்டும். நம் அடுப்படியில் வளர்ந்த பெண் இதைப் பார்க்காமல் விட்டது எனக்கு மனசு கேட்கவில்லை.

அதுவும் மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நமக்கும் புதுச்சேரிக்கும் ஒரே தடைக்காலம் என்று உனக்குத் தெரியும். ஃபைபர் படகில் கரையோரம் கிடைக்கிற நெத்திலி, மத்தி, சங்கரா, நண்டுதான் அந்த நாட்களில் பச்சையாக வரும். பெரிய மீன் என்று தட்டில் வந்தால் பெரும்பாலும் ஐஸில் கிடந்தது. உறைந்த மீனை முழுசாக உருகவிடாமல் மசாலா தடவினால் உள்ளே இருக்கிற தண்ணீர் கல்லில் இறங்கும், மசாலாவும் அதோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். மீன் பொரியாது, வேகும். அதை மறைக்கத்தான் சோள மாவை அப்புவார்கள். உன் போட்டோவில் அந்தப் பூச்சு கனமாகவே இருக்கிறது.

அம்மா மீனைப் பார்க்கவில்லை. மேசையில் இரண்டு தட்டு இருந்ததைப் பார்த்தாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மறுபடியும் புதுச்சேரி வருகிறாய் என்று தம்பி சொன்னான். நீ சொல்லவில்லை, சரி. அன்று அரவிந்தர் பிறந்தநாள், ஆசிரமத்துக்கு வருகிற கூட்டமும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து ஊரே நிரம்பியிருக்கும். இரண்டு பேர் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் போனால் அடுப்பில் ஒரே நேரத்தில் நாற்பது ஆர்டர் நிற்கும். அப்போது மாஸ்டர் தீயைக் கூட்டுவார், மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். காரில் வருவதாக இருந்தால் முன்னாலேயே உள் வீதியில் நிறுத்திவிட்டு நடங்கள். கார் யாருடையது என்று கேட்கவில்லை.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதே. இதைச் சின்ன வயதிலிருந்து சொல்கிறேன். சூடாகச் சாப்பிட வேண்டிய நாலு பதார்த்தம் ஒன்றாக மேசைக்கு வந்தால், முதலாவதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்ற மூன்றும் ஆறிவிடும். ஒன்றைச் சொல், பாதி சாப்பிட்டதும் அடுத்ததைச் சொல். நெய் ரோஸ்ட் ஐந்து நிமிஷத்தில் தொங்கிவிடும். சட்னியை மேலே ஊற்றாமல் பக்கத்தில் வைக்கச் சொல், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிய்த்துச் சாப்பிட்டு முடித்த பிறகு இன்னொன்று கேளுங்கள்.

மீன் கடைக்குப் போனால், மெனுவில் விலை போடாமல் சைஸைப் பொறுத்து என்று போட்டிருப்பார்கள். கூச்சப்படாமல் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே எழும்ப வேண்டும். பிறகு மூன்று கேள்வி. கிலோ என்ன விலை, இது எத்தனை கிராம், எடை கழுவுவதற்கு முன்னா பின்னா. பொரிக்கப் போவதற்கு முன்னால் மொத்தம் எவ்வளவு என்று வாயால் சொல்ல வை. இரண்டு பேருக்கு 600 முதல் 700 கிராம் கொடுவா தாராளம். தலை, குடல், முள் போகச் சதை பாதிதான் தேறும், அது இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். ஒன்றரைக் கிலோ மீனைக் காட்டி இதுதான் இருக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறால் கேள். முழு மீனைக் கீறி மசாலா தடவிக் கல்லில் போட்டால் நிதானத் தீயில் கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆறேழு நிமிஷத்தில் வந்துவிட்டால் அது முன்பே பாதி பொரித்து வைத்தது. மேலே கருப்புப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தால் எண்ணெய் பழசு.

கூட வருகிறவருக்கு முள் எடுக்கத் தெரியுமா என்று பார்த்துக்கொள். உள்ளூரில் கடல் மீன் சாப்பிட்டு வளராதவர்களுக்குச் சங்கராவும் மத்தியும் கொடுத்து வைக்காதே, தொண்டையில் மாட்டினால் அன்றைக்கு ராத்திரி போச்சு. வஞ்சிரத்தில் நடுமுள்தான், அது சிரமமில்லை. அதைவிடச் சுறாப்புட்டு நல்லது. முள்ளே கிடையாது, ஒரு கிண்ணம் வாங்கினால் இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிடலாம். நல்ல புட்டு உதிரியாக, பூண்டு வாசனையோடு இருக்கும். வேகவைத்த சுறாவை உதிர்த்துத் தண்ணீரை ஒட்டப் பிழியாவிட்டால் கொழகொழவென்று கட்டியாகிவிடும். மூக்கைக் குத்துகிற நெடி வந்தால் சுறா பழசு, ஒரு வாய்கூட வேண்டாம், திருப்பி அனுப்பு. திருப்பி அனுப்பும்போது பரிமாறுகிற பையனைக் கடியாதே, அவன் சமைக்கவில்லை. கூட இருக்கிறவர் அந்தப் பையனிடம் எப்படிப் பேசுகிறார் என்றும் கவனி. சொடக்குப் போட்டுக் கூப்பிடுகிற ஆளா, பெயர் கேட்டுப் பேசுகிற ஆளா. கடைசித் துண்டை யார் எடுக்கிறார்கள் என்று பார். எங்கள் மெஸ்ஸில் எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள், இலையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று உன் பாட்டி சொல்வாள்.

ஒயிட் டவுன் பக்கம் பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் முதலில் ஒன்று, பிறகு பெரிய தட்டு, கடைசியில் இனிப்பு என்று மூன்று அடுக்காக மெனு இருக்கும். இரண்டு பேர் மூன்றையும் இரண்டிரண்டாக வாங்கத் தேவையே இல்லை. முதலாவதில் ஒன்று, பெரிய தட்டு ஆளுக்கொன்று வேறுவேறாக, இனிப்பு ஒன்று. காலித் தட்டு கூடுதலாக இரண்டு கேள், கொடுப்பார்கள். சீ பாஸ் என்று போட்டிருந்தால் அது நம் கொடுவாதான். வெறுமனே ஃபிஷ் ஃபில்லே என்று போட்டிருந்தால் என்ன மீன் என்று கேள். பாசா என்றால் வேண்டாம். வெள்ளையாக, முள் இல்லாமல், வாசனையும் இல்லாமல் இருக்கும், வெளியூரிலிருந்து உறைய வைத்து வருகிற வளர்ப்பு மீன். கடல் ஓரத்தில் உட்கார்ந்து அதைச் சாப்பிட ஒரு காரணமும் இல்லை. நீள ரொட்டி கொடுத்தால் உடனே சாப்பிடு. நம் கடல் காற்று ஈரத்தில் இரண்டு மணி நேரத்தில் மேல்தோல் ரப்பராகிவிடும்.

பில் வந்ததும் கூட்டிப் பார். வரி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கிற பெரிய ஓட்டலுக்குள் சாப்பிட்டால் 18. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எடுக்கச் சொல், எடுத்துவிடுவார்கள். அந்தப் பணத்தை அந்தப் பையன் கையில் கொடு. இன்னொன்று, பில்லை எப்போதும் ஒருவரே எடுக்கக் கூடாது. ஒரு வேளை நீ, ஒரு வேளை அவர். நீ சம்பாதிக்கிறாய், யாருக்கும் கை நீட்டாமல் பெங்களூரில் தனியாக நிற்கிறாய், அதை நான் வெளியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் நீயே கொடுக்காதே, எல்லாவற்றையும் அவர் கொடுக்கவும் விடாதே.

மத்தியானம் பிரியாணி என்றால் பன்னிரண்டரைக்கு, தம் உடைக்கிற நேரத்துக்குப் போங்கள். சீரகச் சம்பா போடுகிற கடையாகப் பார். அண்டாவின் ஓரத்திலிருந்து தட்டை அடிவரை செருகி எடுக்கிறார்களா என்று பார். மேலாக வழித்தால் வெள்ளைச் சோறும் கொஞ்சம் மசாலாவும்தான் வரும், கிண்டி எடுத்தால் சம்பா உடைந்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு சிக்கன் பிரியாணி, ஒரு குஸ்கா, ஒரு மிளகு வறுவல். இரண்டு முழுப் பிரியாணி வாங்கினால் சோறு மீந்துவிடும். அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வைத்திருந்து ராத்திரி சாப்பிடலாம் என்று நினைக்காதே. வெந்த சோறு வெக்கையில் கிடந்தால் நஞ்சாகும், திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லாதே என்பது இதற்கும்தான். இலைச் சாப்பாடு என்றால் இரண்டு மணிக்கு மேல் போகவே போகாதே, அப்போது சாம்பாரில் வெந்நீர் விட்டிருப்பார்கள், அப்பளம் நமத்திருக்கும்.

காபிக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். அங்கே வேலை செய்கிறவர்களே சேர்ந்து நடத்துகிற கூட்டுறவு, அதற்காகவே அங்கே குடிக்கலாம். கூட வருகிறவரையும் அழைத்துப் போ.

மீன் குழம்பை மட்டும் அங்கே கேட்காதே. ஓட்டல் குழம்பு காலையில் ஒரே அண்டாவாக வைப்பது, மீன் துண்டைத் தனியாகக் கொதிக்க வைத்துக் கடைசியில் போடுவார்கள், புளி மீனுக்குள் இறங்கவே இறங்காது. வடகம் தாளிக்கிற கடையும் குறைந்துவிட்டது. அம்மா சித்திரை வெயிலில் வடகம் போட்டிருக்கிறாள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் காயவைத்து ராத்திரி மூடி வைத்து, மறுநாள் உடைத்துப் பிசைந்து மறுபடி உருட்டி. உள்ளே ஈரம் ஒரு பொட்டு இருந்தாலும் பூசணம் வரும், அதனால் உருண்டை கல்லு மாதிரி ஆகும்வரை விடவில்லை. நல்லெண்ணெயில் அதை உதிர்த்துப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். போன வருஷத்து வடகமே உன் பங்கு அப்படியே டப்பாவில் இருக்கிறது.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ஒரு மணி நேரம்கூட ஆகாது. மே மாதமும் அதே தூரம்தான் இருந்தது. அம்மா அதைச் சொல்லக் கூடாது என்கிறாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும். யாரும் எதுவும் கேட்கமாட்டோம், சாப்பிடத்தான் கூப்பிடுகிறோம்.

துறைமுகத்தில் நல்ல மீன் காலை ஏழு மணிக்குள் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை விலையும் ஏறும். அதனால் வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் மீன்காரம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். உனக்குக் கொடுவா என்று தெரியும். அவருக்கு என்ன வாங்க வேண்டும்? சைவம் என்றாலும் பரவாயில்லை, கத்திரிக்காயைச் சுட்டு அம்மா கொத்சு வைப்பாள், இட்லிக்கும் சோற்றுக்கும் ஆகும். மீனா, கொத்சா என்று தம்பியிடம் சொல்லாமல் எனக்கே ஒரு போன் பண்ணிச் சொல்.

அப்பா