எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடுகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

இந்தத் தீபாவளிக்கு நம் தெருவில் மூன்று வீடுகளில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மூன்றும் ஒருவர் இறந்து ஓராண்டு நிறையாத, தலைத்திவசம் ஆகாத வீடுகள். அந்த வீட்டார் சார்பிலும் துணைக்கு நின்ற எங்கள் சார்பிலும் இந்த நன்றி மடல்.

முதல் நன்றி, சாப்பாட்டுக்கு முறை போட்ட அக்காமார்களுக்கு. வழக்கமாக என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். பண்டிகையன்று ஏழெட்டு வீட்டு அதிரசமும் முறுக்கும் வந்து குவியும், எறும்பு மொய்க்கும். மூன்றாம் நாள் ஒரு வாய் ரசம் சாதம் கொடுக்க ஆள் இருக்காது. நீங்கள் அதைப் பத்து நாளைக்குப் பிரித்து, நாளுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டீர்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் காலையில் 16 இட்லி, பொடியும் நல்லெண்ணெயும் தடவி. தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் ஊசிப்போகும். துக்கத்தில் இருப்பவர்கள் எந்நேரம் சாப்பிட உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது. பொடி இட்லி ராத்திரி வரை தாங்கும். இனிப்பும் கால் கிலோவைத் தாண்டவில்லை.

அதைவிடப் பெரிது, வாழையிலைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது. தூக்குவாளியில் வந்தால் கழுவ வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். அடுப்படிப் பக்கமே போக மனம் வராதவருக்கு அதுவும் ஒரு கடன்.

பட்டாசு வெடித்த பையன்களே, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்ற அரசு நேரத்தை நீங்கள் மீறவில்லை. பிற வருஷங்களில் நாலு மணிக்கே முதல் சரம் கிளம்பும். எண்ணெய் தேய்த்துவிட்ட கை இல்லாமல் போன வீட்டில் அந்த விடிகாலைதான் மிகவும் கடினம். சத்தம் எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்று தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும்.

தையற்கடை அண்ணனுக்குத் தனி வணக்கம். இறந்தவர் ஆடியில் அளவு கொடுத்த சட்டை தைத்துத் தயாராக இருந்தது. அதை வாசலில் கொண்டுவந்து நீட்டாமல், “இப்ப தரட்டுமா, பொங்கல் கழிச்சு வாங்கிக்கிறீங்களா?” என்று போனில் கேட்டீர்கள்.

“பிள்ளைங்க இருக்காங்களே, அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோ” என்று சொல்லாதவர்கள் எல்லோருக்கும் நன்றி. நல்லெண்ணத்தில் வரும் பேச்சுதான், ஆனால் கேட்பவரின் வாயை அடைத்துவிடும். நன்றியுணர்வை வெளியிலிருந்து யாரும் ஊட்ட முடியாது. பழைய டைரியில் படுக்கும் முன் ஒரு வரி எழுதுவது சிலருக்கு உதவுகிறது: யார், என்ன செய்தார், எத்தனை மணிக்கு. “எல்லாரும் நல்லவங்க” என்ற வரி மனதில் ஒட்டாது. “5.40க்கு எதிர்வீட்டம்மா பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தார்” என்பது ஒட்டும். வாரத்தில் இரண்டு நாள் எழுதினால் போதும். வரி வராத நாளில் பக்கத்தைக் காலியாக விடலாம். வீட்டுப்பாடம் ஆக்கினால் ஒரே வாரத்தில் டைரி பரணுக்குப் போய்விடும்.

அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கம்பி மத்தாப்பு கொளுத்த வைத்தவர்களே, யார் முகம் சுளித்தாலும் நீங்கள் செய்தது சரி. துக்கம் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறது என்று துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் எழுதினார்கள். மத்தாப்புக்குச் சிரித்த பிள்ளை அப்பாவை மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அன்று ராத்திரியே அழலாம்.

தூக்கம் வராத ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுத்த, அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸ் ஊழியர்களுக்கும் எங்கள் நன்றி. வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் இட்லியும் டைரியும் போதாது. உடனே அந்த எண், அல்லது 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா. உதவி கிடைக்கும்வரை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்து கார்த்திகை தீபம். வாசலில் அகல் வைக்கும் முன் அந்த வீட்டாரைக் கேளுங்கள். சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். முறை நோட்டில் பொங்கலுக்கு மாட்டுப் பொங்கல் நாள் மட்டும் இன்னும் காலி. அன்று சொந்தபந்தம் பஸ் ஏறிய பிறகு, அந்த ராத்திரிக்கு ஆள் வேண்டும். தயிர் சாதம் போதும், இலையில் கட்டி.

இப்படிக்கு,
தெருத் துணைக் குழுவினர்