பி.சி.ஓ.எஸ். சர்க்கரைப் பரிசோதனைக் கையேடு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கான சர்க்கரைப் பரிசோதனைக் கையேடு அச்சேறிவிட்டது. தங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பலருடைய உழைப்பு அதன் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது. பெயர் சொல்லாமலாவது நன்றி சொல்லாவிட்டால் எங்களுக்கு மனசு ஆறாது.

முதல் நன்றி ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் தோழர்களுக்கு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை எங்கெல்லாம் சறுக்கும் என்பதை நீங்கள் சொல்லித்தான் எழுத முடிந்தது. நீரற்ற குளுக்கோஸ் என்றால் 75 கிராம். நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் பொடி என்றால் 82.5 கிராம். பாக்கெட்டில் எது என்று பார்க்காமல் அளந்தால் கணக்கு அங்கேயே பிசகிவிடும். 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதல் மடக்கு குடித்த நேரத்திலிருந்துதான் 120 நிமிடம் எண்ண வேண்டும், டம்ளர் காலியான நேரத்திலிருந்து அல்ல. இடையில் கடைக்குப் போய் வருவது, மாடிப்படி ஏறி இறங்குவது எல்லாம் கூடாது. தசை வேலை செய்தால் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனையை விட்டுவிட்டு வேறொரு நாள் வருவதே சரி.

சோதனைக்கு முந்தைய மூன்று நாள் பற்றிய பத்தியைச் சேர்க்கச் சொன்ன உணவியல் நிபுணருக்குத் தனி நன்றி. எடையைக் குறைக்க வேண்டும் என்று மாவுச்சத்தை அறவே ஒதுக்கியிருக்கும் பெண்கள் பி.சி.ஓ.எஸ்.ஸில் நிறைய பேர். அப்படியே வந்து குளுக்கோஸைக் குடித்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு அதைச் சமாளிக்கத் தாமதிக்கும்; இரண்டு மணி நேர எண் வீணாக ஏறிக் காட்டும். அதனால் மூன்று நாளும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ள வழக்கமான சாப்பாடு, பிறகு 8 முதல் 14 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம்.

இரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாய்க்குள் நடப்பதை விளக்கிய உயிர்வேதியியல் நிபுணர்களே, உங்களுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸை அவை தின்றுகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை 128 (மி.கி./டெ.லி.) இருந்த ஒருவருக்கு, குழாய் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் 120 என்று வரும். நீரிழிவு என்று வர வேண்டிய ரிப்போர்ட் அதற்கு முந்தைய நிலை என்று வந்துவிடும். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில், இப்படித் தின்பதைத் தடுக்கச் சேர்த்திருக்கும் ஃப்ளோரைடு முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரமாகச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரிப்பதுதான் பாதுகாப்பு.

எந்தச் சோதனை, எப்போது என்று வரையறுத்துக் கொடுத்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களுக்கும் மகளிர் மருத்துவர்களுக்கும் நன்றி. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி, பி.சி.ஓ.எஸ். உறுதியானவுடனேயே, எடையும் வயதும் எதுவானாலும், சர்க்கரை நிலையைப் பார்க்கச் சொல்கிறது. பிறகு ஆபத்தைப் பொறுத்து 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை. அது முதலிடம் கொடுப்பது குளுக்கோஸ் குடிக்கும் சோதனைக்குத்தான். ஒருவருக்கு வெறும் வயிற்றில் 92, இரண்டு மணி நேரத்தில் 156 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை மட்டும் பார்த்தால் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது எண்ணோ 140-க்கும் 199-க்கும் இடையில், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலையில் நிற்கிறது. 200-ஐத் தொட்டால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண் மட்டும் எல்லை தாண்டினால், மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, சுலபம். ஆனால் மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்து இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் நிறைய இரத்தம் இழந்தவர்களுக்கும் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் குறைத்துக் காட்டலாம். பக்கத்திலேயே ஹீமோகுளோபின் அளவையும் எழுதச் சொன்ன செவிலியர் அக்காவுக்கு நன்றி.

அதிகம் விவாதித்தது இன்சுலின் பக்கத்தைத்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுத்தால், இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு மசியாமல் இருக்கிறது என்று கணிக்கும் ஹோமா எண் வரும்: சர்க்கரை 90, இன்சுலின் 18 என்றால் 4. கணக்கு எளிது, ஆனால் அந்த 4-க்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளக்கும் முறை வேறு. சிவப்பணு உடைந்த இரத்த மாதிரியில் இன்சுலின் சிதைந்து குறைந்துவிடும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் பொய்யாகக் குறைந்து வரும். அவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக அளவு எடுப்பவர்கள் எவ்வளவு நாள் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். வழிகாட்டியும் இன்சுலின் அளவை வழக்கமான சோதனையாகப் பரிந்துரைக்கவில்லை. ஹோமா நன்றாக இருக்கிறது என்று குளுக்கோஸ் சோதனையைத் தவிர்க்காதீர்கள் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட வைத்த மருத்துவர்களுக்கு நன்றி.

பெயரை மறைத்துத் தங்கள் ரிப்போர்ட்டுகளைத் தந்த தோழியருக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிட்டு வரலாமா என்று கேட்டது நீங்கள். தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டு, சாப்பிடுகிற விவரத்தைப் படிவத்தில் எழுத வேண்டும் என்ற பதில் அப்படித்தான் இடம்பெற்றது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், காய்ச்சல் என்றால் தள்ளிப்போட வேண்டும் என்பதும் உங்கள் கேள்விகளால் வந்தவையே.

கடைசியாக, கர்ப்பகாலப் பக்கத்தைச் சரிபார்த்த செவிலியர்களுக்கு நன்றி. குழந்தைக்குத் திட்டமிடும்போதே குளுக்கோஸ் குடிக்கும் சோதனை. அப்போது விட்டுப்போனால் கர்ப்பத்தின் முதல் வருகையில். பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும். கையேட்டின் பின்னட்டையில் இதையே போட்டிருக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
கையேட்டுக் குழுவினர்