ஐஸ் பெட்டியில் வந்த ரத்தம்

ஓசூர்,
தை 10

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் பெங்களூர் பஸ் வருவதற்குள் காது விறைத்துப்போகிறது.

பால் சொசைட்டியில் ஒரு பெரியவரின் பாலில் தண்ணீர் என்று நீ சொல்லப்போய் நடந்த சண்டையைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. கறந்த சூட்டோடு வரும் பாலில், அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரை விட்டால் அது கூடக் கொஞ்சம் அமிழும். நல்ல பாலும் தண்ணீர்ப் பால் மாதிரிதான் காட்டும். அந்தப் பெரியவர் கத்தியதில் தப்பே இல்லை. போன வருஷம் எனக்கும் இதேதான் நடந்தது. வெட்கப்பட்டு உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

பெங்களூர் ஆய்வகத்தில் நான் எண்ணுகிற சரக்கு உனக்குத் தெரியும். செல்கள் வெளியே விடுகிற, சவ்வு மூடிய நுண்பைகள்; வெசிக்கிள் என்போம். சின்ன ரகம் 30 முதல் 150 நானோமீட்டர்தான். 1967-ல் பீட்டர் வுல்ஃப் இதை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் தூசு என்றே எழுதினார். அந்தத் தூசுக்குள் புரதமும் ஆர்.என்.ஏ.வும் இருப்பதால், நோயை முன்கூட்டியே காட்டுமா என்று இப்போது ஆளாளுக்குத் தேடுகிறார்கள்.

நாங்களும் தேடினோம். சர்க்கரை நோயாளிகளின் ரத்தம் தருமபுரியிலிருந்து வரும். ஒப்பிடுவதற்கு நோயில்லாதவர்களின் ரத்தத்தைப் பெங்களூரிலேயே எடுப்போம். நோயாளிகளிடம் வெசிக்கிள் இரண்டு மூன்று மடங்கு. ஆய்வகத்தில் ஒருவாரம் இனிப்புதான்! எனக்கு மட்டும் ஏதோ உறுத்தல். பெங்களூர் ரத்தம் அரைமணி நேரத்தில், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜுக்குப் போய்விடும். தருமபுரி ரத்தமோ ஐஸ் பெட்டியில், பஸ்ஸில் குலுங்கி, நாலு மணி நேரம் கழித்து வந்தது. ஐஸ் வைத்தால் கெடாது என்று வைத்தது நான்தான். தட்டணுவுக்குக் குளிரும் ஆகாது, குலுக்கலும் ஆகாது. உசுப்பினால் வெசிக்கிளை உதிர்த்துத் தள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் என் கையிலேயே இரண்டு ட்யூப் எடுக்கச் சொன்னேன். ஒன்றை அங்கேயே 2,500 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப்போல 2,500 மடங்கு விசையில், 15 நிமிடம், மேல் தெளிவை மட்டும் எடுத்து மறுபடி 15 நிமிடம் சுற்றித் தட்டணுவை நீக்கினோம். மற்றது ஐஸ் பெட்டியில், என் மடியில், பஸ்ஸில். மறுநாள் கருவித் திரையில் புள்ளிகள் ஈசல் மாதிரி ஆடின. பஸ்ஸில் வந்த ட்யூப்பில் மூன்று மடங்கு. முக்கால்வாசி சிடி41 என்ற தட்டணு முத்திரையோடு. சர்க்கரையே இல்லாத நான் நோயாளிகள் வரிசையில் நின்றேன். ஆறுமாத மாதிரிகளைக் குப்பையில் போட்டோம். தலைவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தத் துறைக்கென்றே உலகச் சங்கம் ஒன்று உண்டு. 2014, 2018, 2023 என்று மூன்று முறை வழிகாட்டுதல் போட்டுவிட்டார்கள். கடைசியாக வந்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கருத்து சேர்ந்திருக்கிறது. எல்லாரும் இந்த ஒரே முறையில்தான் பிரிக்கவேண்டும் என்று அதில் இல்லை. முடியாது. ரத்தத்துக்குச் சரிப்பட்டது சிறுநீருக்கு ஒத்துவராது. உன் பாலிலும் வெசிக்கிள் உண்டு. கேசின் என்கிற பால் புரத உருண்டைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எதைச் செய்தாயோ அதை ஒளிக்காமல் எழுது என்பதுதான் கேட்பது: எந்த ட்யூப், எத்தனை மணி நேரம், ட்யூப்பைப் பிடித்துச் சுழல்கிற ரோட்டர் எது. ஒரு லட்சம் ஜி என்று மட்டும் எழுதினால் போதாது. ரோட்டர் மாறினால் அடியில் படிவதும் மாறும். எண்ணுகிற கருவியின் கேமரா உணர்திறனை ஒரு படி ஏற்றினாலே எண்ணிக்கை எகிறும். வெசிக்கிள் பிரிக்க விற்கிற சில கிட்டுகள் கண்டதையும் சேர்த்துப் படியவைக்கும். நிறையக் கிடைத்தது என்று துள்ளுகிறவர்களைப் பார்த்தால் பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டர் காட்டுகிறவன் நினைவுதான் வருகிறது.

நான் சண்டைபோட்டு வாங்கியது ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜ். இப்போது தருமபுரியிலேயே இருக்கிறது. கூடவே ஒரு நோட்டு. ஊசி குத்திய நேரம், சுற்றிய நேரம், அறையின் வெப்பம் எல்லாம் அதில் ஏறும். நீயும் அதுபோலத் தெர்மாமீட்டரை முக்கி, பாலின் சூட்டைப் பார்த்து, லாக்டோமீட்டர் ரீடிங்கைத் திருத்திய பிறகே ரசீது எழுது. நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன்.

மாசி முதல் வாரம் வருவேன். நோயில்லாதவர்களையும் இனி நம் பக்கத்திலேயே எடுக்கிறோம், உன் கையையும் நீட்டவேண்டும். வெறும் வயிற்றில் வா. சாப்பிட்டு வந்தால் கொழுப்புத் துகள் ரத்தத்தில் மிதக்கும், கருவி அதையும் வெசிக்கிள் என்று எண்ணித் தொலைக்கும். தங்கச்சியிடம் சொல்லி வை, களியும் அவரைக் குழம்பும் அதற்கப்புறம்.

அன்புடன்,
உன் மாப்ள