தோட்டங்களில் வேலை செய்யும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மிஸ்மாருக்கு,

லய வீட்டுப் பிள்ளைக்கு வாயைச் சுற்றிப் புண் வந்தால் களிம்பு, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல், முடி கொட்டினால் திரிபோஷா சத்துமா. தனித்தனியாக வந்தால் சரி. மூன்றும் ஒரே பிள்ளைக்கு, அதுவும் தாய்ப்பாலைக் குறைத்த கொஞ்ச நாளில் வந்தால், தயவுசெய்து சேர்த்துப் பாருங்கள்.

சாப்பாட்டிலுள்ள நாகச்சத்தை, அதாவது சிங்க்கை, சிறுகுடல் கலங்களுக்குள் இழுத்துக்கொள்வது 'ஸிப் 4' என்ற புரதம். அதற்கான பரம்பரையலகு 2002இல் கண்டறியப்பட்டது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது பழுதாக வந்தால் பிள்ளைக்கு அக்ரோடெர்மட்டைட்டிஸ் என்டெரோபதிக்கா என்ற நோய் வரும். பெற்றோர் இருவரும் நல்ல சுகமாகவே இருப்பார்கள். முடி வேரின் கலங்கள் வேகமாகப் பெருகுபவை; சிங்க் இல்லாமல் அவற்றால் பெருக முடியாது. தாய்ப்பாலிலுள்ள சிங்க் சுலபமாக உடலில் சேரும் என்பதால், பால் குடிக்கும்வரை நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது.

என் அக்கா மகளுக்குப் புருவம்கூட உதிர்ந்துவிட்டது. நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தது. கரப்பான் என்று சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். சிங்க் கொடுக்கத் தொடங்கிய சில நாளில் வயிற்றோட்டம் நின்றது, புண் காய்ந்தது. முடிதான் ஆறுதலாக வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றோட்டத்துக்கு 10 முதல் 14 நாள் சிங்க் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தப் பிள்ளைகளும் அதில் தேறிவிடுவார்கள். நிறுத்தியதும் புண் திரும்பினால் அதையே துப்பாக எடுத்து, குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புங்கள். இரத்தத்தில் சிங்க் அளவையும், இயங்க சிங்க் தேவைப்படும் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியையும் பார்ப்பார்கள். இது அபூர்வமான நோய்தான். ஆனால் 1970களில் சிங்க் மருந்தாகும் முன்பு இதில் பிள்ளைகள் செத்துப்போனார்கள்.

நம் குளிருக்கு எல்லாப் பிள்ளையும் குல்லாவோடுதான் கிளினிக்குக்கு வரும். நிறை பார்க்கும்போது அதைக் கழற்றித் தலையையும் புருவத்தையும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், முடி வளர்ந்ததும் வீட்டில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டிய மருந்து இது என்று அம்மாவிடம் மட்டுமல்ல, பாட்டியிடமும் சொல்லுங்கள். டவுனுக்கு மருந்தெடுக்கப் போனால் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அதனால், நோய் உறுதியான பிள்ளைக்குரிய சிங்க் தோட்டத்து மருந்தகத்திலேயே கிடைக்க உங்கள் மேலதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் பிள்ளைகளின் பெற்றோரோடு நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை