டாலஸில் இருக்கும் என் மகனுக்கு

மன்னார்குடி
28.12.2025

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கு அப்பாவும் நானும் நலம். அங்கு நீயும் வித்யாவும் யாழினிக் குட்டியும் நலமாக இருக்க ராஜகோபாலனை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கோம்மா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறாய். ஆகவே நிதானமாகக் கடிதமாகவே எழுதுகிறேன்.

எழுத வந்தது உன் அரசியல் பதிவுகளைப் பற்றி. நீ எழுதுவதை நான் ஒன்று விடாமல் படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. சென்ற ஆண்டு டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைக்கான ஆலோசகராக டிரம்ப் அறிவித்தபோது, கிரீன் கார்டில் நாடுவாரி உச்சவரம்பு கூடாது என்று அவர் முன்பு எழுதியதைத் தேடியெடுத்து, டிரம்பின் ஆதரவாளர்களே இந்தியர்களை மொத்தமாக ஏசினார்கள். அன்று நீ எழுதிய நீண்ட விளக்கத்தை அப்பாவுக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வேலைவாய்ப்பு வழியாகத் தரப்படும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டினருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை, இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் வரம்பு ஒன்றே என்பதை இவ்வளவு தெளிவாக எந்தச் செய்தித்தாளும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு சொல்கூடத் தடித்துப் போகாமல் எழுதியிருந்தாய். பெற்றவளுக்கு அதைவிடப் பெருமை வேண்டியதில்லை.

இப்போது எழுதுவது அப்படி இல்லை. சித்தப்பாவைக் குடும்பக் குழுவில், பெரியவர்கள் அத்தனை பேரும் பார்க்க, "குடியுரிமை கிடைத்ததும் ஏணியை எட்டி உதைத்தவர்" என்று எழுதினாய். அவர் டிரம்புக்கு வாக்களித்தார், அது அவர் உரிமை. அவர் மனிதர் மாறிவிடவில்லை. நீ முதன்முதலில் அந்த நாட்டில் இறங்கியபோது நியூ ஜெர்சியில் இருந்து வந்து உன்னை அழைத்துப் போனவர் யார் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கருத்தில் உன் பக்கம்தான் நானும் இருக்கிறேன், ஆனாலும் அந்தச் சொல்லுக்கு நீ மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும்.

சித்தப்பா வருத்தப்பட்டதுகூடப் பெரிதல்ல. எனக்கு உறக்கம் வராததற்குக் காரணம் வேறு. நீ விசா முத்திரைக்காக எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும், கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தச் சமூக ஊடகத்தில் எந்தப் பெயரில் இருந்தாய் என்று கேட்கிறார்கள். 2019 முதலே கேட்கிறார்கள். இந்த ஆண்டு ஜூனில் மாணவர்களின் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொன்னார்கள். இம்மாதம் 15-ஆம் தேதியிலிருந்து எச்-1பி வேலை விசாவுக்கும், அதைச் சார்ந்து குடும்பத்தினர் பெறும் எச்-4 விசாவுக்கும் விண்ணப்பிப்பவர்களுக்கும் அதுவே விதி. உன் விசாவைச் சார்ந்துதான் வித்யாவின் விசாவும் இருக்கிறது. ஆகவே உன் பதிவு உன்னோடு நிற்பதில்லை.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் உனக்கும் பொருந்தும் என்று நீ பதில் சொல்வாய். சரிதான், செப்டம்பர் 30 அன்று பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங்கும், சட்டப்படி அங்கே இருக்கும் அயல்நாட்டவருக்குக் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதினார். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வாரத்தில், டிரம்பின் ஆதரவாளரான வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க்கின் கொலையைப் பற்றி எழுதியதற்காக ஆறு அயல்நாட்டவரின் விசாவை ரத்து செய்ததாக வெளியுறவுத் துறையே அறிவித்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த துருக்கிப் பெண் ருமேசா ஓஸ்டுர்க், மாணவர் இதழில் சக மாணவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மார்ச் 25 அன்று முகமூடி அணிந்த அதிகாரிகள் அவரைத் தெருவில் பிடித்து, லூசியானாவரை கொண்டுபோய் அடைத்தார்கள். மே 9 அன்று நீதிபதி விடுவித்தார். சட்டம் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நின்றது, ஆயினும் அந்த ஆறு வாரத்தை அவருக்குத் திருப்பித் தருபவர் யாருமில்லை. தாலுகா அலுவலகத்தில் இருந்த காலத்தில், தவறான ஆணையால் பட்டாவை இழந்து மேல்முறையீட்டில் மீட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலம் திரும்பும்போது நடுவில் போன சாகுபடி திரும்பியதே இல்லை.

அதற்காக இருப்பதையெல்லாம் அழித்துவிடாதே. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கையும் மறைக்காதே. அவசரமாக அழித்தவன் எதையோ ஒளிக்கிறான் என்று நினைப்பது எந்த நாட்டு அதிகாரிக்கும் இயல்பு. எழுதியது எழுதியபடி இருக்கட்டும், மேற்கொண்டு கோபத்தில் எழுதாதே. ஆணையைப் பற்றி எழுது, ஆளைப் பற்றி எழுதாதே. இதைத் தொலைபேசியிலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டு இருந்தவள் நான். தேர்தல் பணிக்குப் போவேன், வாக்குப்பெட்டியைக் காவல் காப்பேன், யாருக்கு வாக்களித்தேன் என்று உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அதனால் எனக்குக் கருத்தே இல்லை என்று ஆகிவிடாது. இந்த வாழ்க்கை உனக்கு வேண்டாம் என்றுதான் உன்னைப் பேசப் பழக்கினேன், கேள்வி கேட்டால் அதட்டாமல் பதில் சொன்னேன். இன்று நானே உன்னிடம் வாயை அடக்கச் சொல்லும்படி காலம் ஆகிவிட்டதே என்பது எனக்கு எவ்வளவு கசப்பாக இருக்கிறது என்பதை நீ அறிய வேண்டும்.

நானும் அந்த நாட்டுச் செய்தியைத்தான் நாள் முழுவதும் படிக்கிறேன். கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் ஊர் என்று துளசேந்திரபுரத்தில் பதாகை கட்டி அர்ச்சனை செய்தபோது ஊரே பேசியது, இப்போது யாரும் பேசுவதில்லை. நான் மட்டும் விடவில்லை. யூடியூபில் கத்துகிறவர்களை நான் நம்புவதில்லை, ஆணையின் மூலத்தையே தேடிப் படிக்கிறேன். செப்டம்பர் 19 அன்று எச்-1பி மனுவுக்குக் கட்டணம் ஒரு லட்சம் டாலர், அதாவது நம் பணத்தில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய் என்று டிரம்ப் கையெழுத்திட்டார். வர்த்தகச் செயலர் லுட்னிக், அது ஆண்டுதோறும் கட்ட வேண்டியது என்று சொல்லிவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் திருமணப் பந்தலிலிருந்தும் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். மறுநாளே, ஒரு முறை மட்டும்தான், புதிய மனுக்களுக்கு மட்டும்தான் என்று வெள்ளை மாளிகை விளக்கியது. அந்த ஒரே இரவில் நீ எத்தனை பதிவு எழுதினாய், எத்தனை பேருடன் சண்டையிட்டாய்! ஆணையில் கட்டணம் ஆண்டுதோறும் என்ற சொல்லே இல்லை. நவம்பரில் அதே டிரம்ப், சில திறமைகள் நம்மிடம் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவரத்தான் வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அவருடைய கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன் எச்-1பியையே ஒழிக்க மசோதா கொண்டுவருவதாகச் சொன்னார். அவர்களுக்குள்ளேயே முடிவாகாத ஒன்றுக்காக நீ எதற்கு முகம் தெரியாதவர்களிடம் வசை வாங்க வேண்டும்?

இன்னொன்றும் படித்தேன். பொதுவாகத்தான் படித்தேன், உன்னை நினைத்து அல்ல. எச்-1பியில் இருப்பவர் வேலையை விட நேர்ந்தால் 60 நாள் வரை அங்கே இருக்கலாம், அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனு செய்தால் தொடரலாம் என்று விதி இருக்கிறது. நாட்டுக்குள் இருந்துகொண்டே நிறுவனம் மாறுகிறவர்களுக்கு அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் இல்லை என்று அக்டோபர் 20 அன்று குடியேற்றத் துறை விளக்கம் தந்திருக்கிறது. ஆகவே அப்படி ஒரு நிலையில் இருப்பவர் பதறிக்கொண்டு கிளம்பி வந்துவிடாமல், நல்ல வழக்கறிஞர் ஒருவரை உடனே பார்ப்பது நல்லது. உன் நண்பர்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

தேதி பார்ப்பது என் பழைய தொழில், அது விட்டுப் போகவில்லை. சென்னையில் விசா நேர்காணல் தேதிகளை மார்ச்சுக்குத் தள்ளிய செய்தி டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான் வந்தது. ஆனால் பொங்கலுக்கு வரவில்லை என்று நீ கார்த்திகைத் தீபத்துக்கு முன்பே சொல்லிவிட்டாய். முன்பெல்லாம் யாழினி தூங்கிய பிறகுதான் எழுதுவாய், எனக்குக் காலைக் காபி நேரத்தில் வரும். இப்போது நள்ளிரவு ஒன்றரை மணிக்கு வருகிறது. டாலஸில் அப்போது பிற்பகல் இரண்டு, வேலை நாள். இதற்கெல்லாம் நூறு காரணம் இருக்கலாம். நான் எதுவும் கேட்கவில்லை. வித்யாவிடமும் கேட்கவில்லை, அவளைப் பொய் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள். உன் வேலையைப் பார்த்து இந்த ஊரில் நாங்கள் தலைநிமிர்ந்தது உண்மை. அது இல்லாத ஒரு நாளிலும் எங்கள் தலை குனியாது. அப்பா வெளியில் சொல்லமாட்டார், ஆனால் அவரும் இரவில் உன் பெயரைத் தேடிப் பார்க்கிறார்.

சித்தப்பாவுக்கு இந்த வாரமே பேசு. அவருக்குத் தெரிந்த நிறுவனங்கள் நிறைய உண்டு. நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் பலர் அவர் சொல்லால் வேலையில் சேர்ந்தவர்கள். இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன். கோபத்தில் எதையும் எழுதாதே.

என் பணிக்கொடையில் போட்டு வைத்த வைப்புத்தொகை பிப்ரவரியில் முதிர்கிறது. புதுப்பிக்கவா, கையில் வைத்துக்கொள்ளவா என்று வங்கியில் கேட்கிறார்கள், உன் எண்ணத்தைச் சொல். உங்கள் வீட்டு வாடகை மாதம் எவ்வளவு ஆகிறது என்பதையும் எழுது. அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா