வாசல் லைட்

பாளையங்கோட்டை

பிரியமுள்ள கூட்டாளிக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாசரேத் வீட்டை மகன் பேருக்கே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். உயில் எழுதினால் உன் இஷ்டம். எழுதாவிட்டால் கிறிஸ்தவர்களான நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமம். அதுவே போதும் என்பேன். அது சரி, மகளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

எனக்கு இப்போது வேறு கணக்கு ஓடுகிறது. போன மாதம் சின்னவன் சென்னையிலிருந்து வந்தான். நெல்லை எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன்னாலேயே ஜங்ஷனில் போய் நின்றேன். வீட்டில் ஆட்டுக்கறி. பெரியவன் தினமும் தூத்துக்குடியில் வேலை முடித்து பஸ் பிடித்து ராத்திரி பத்தரைக்கு வருகிறவன். அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தபடி கேட்டான்: "நான் வாரதுக்கு ஒரு நாளாவது வாசல் லைட்டப் போட்டு வச்சிருக்கியளாப்பா?"

ரெண்டு பேருக்கும் கிறிஸ்துமசுக்கு ஒரே விலையில் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னை நியாயஸ்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கோபுரம் சர்ச்சில் ஆராதனை முடிந்தும் எழும்பாமல் ஆதியாகமம் 33-ஐப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழைய பகையுள்ள அண்ணன் ஏசா 400 பேரோடு வருகிறான் என்றதும் யாக்கோபு குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். வேலைக்காரிகளும் அவர்களிடம் தனக்குப் பிறந்த பிள்ளைகளும் முன்னால், மூத்த மனைவி லேயாளும் அவள் பிள்ளைகளும் நடுவில், பிரியமான மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும் கடைசியில். வெட்டு விழுந்தால் யார்மேல் முதலில் விழும் என்று முன்னால் நின்ற பையன்களுக்குத் தெரியாதா? சண்டே ஸ்கூலில் நாம், யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் செய்து கொடுத்த பலவருண அங்கியைத்தான் குற்றம் சொன்னோம். அங்கி பிறகுதான் வந்தது. இத்தனைக்கும் யாக்கோபே ஓரவஞ்சனையில் வளர்ந்தவன். அவன் தகப்பன் ஈசாக்குக்கு வேட்டைக்கறி கொண்டுவருகிற ஏசாமேல்தான் பிரியம்.

கெட்டகுமாரன் கதையிலும் பார், தகப்பன் ரெண்டு தடவை வீட்டைவிட்டு வெளியே வருகிறான். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த சின்னவனை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கோபித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்ற பெரியவனையும் அவனேதான் போய் வருந்தி அழைக்கிறான். பிரசங்கம் அந்த இடத்துக்கு வருவதற்குள் நேரமாகிவிடுகிறது, பாவம் பெரியவன்.

முந்தாநாள் வாசல் லைட்டைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு வந்தவன் பதறிவிட்டான். "என்னப்பா, உடம்புக்கு முடியலியா?"

சும்மாதான் என்றேன். நம்பவில்லை.

மகளிடம் கேட்டுவிட்டு எழுது.

உன் கூட்டாளி