விடிகாலை தே தாரிக்கும் என் வேனும்: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று உதவியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

நான் பினாங்கில், பெருநிலப் பக்கம் இருக்கும் பிறை ஊரிலிருந்து பாலம் ஏறி, தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் கடைகளுக்குப் பூ ஏற்றிப் போகிற வேன்காரன். போன மாதம் ஒரு நாள் விடிகாலை 5.40 மணிக்குத் தீவில் இருக்கும் ஜெலுத்தோங்கில் ஒரு வெள்ளை வேன் மோட்டார் சைக்கிளில் போன பையனைத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. பார்த்தவர் நம்பரின் கடைசி இரண்டு எண்களைத்தான் சொன்னார். அவை என் வேனின் எண்களும்கூட. போதாததற்கு என் முன் பம்பரில் இடது பக்கம் ஒரு நசுங்கல்.

மறுநாள் மாலை என்னைப் பிடித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் ஏன் ரிப்போர்ட் செய்யவில்லை என்றுதான் முதல் கேள்வி. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, சரி. ஆனால் மோதாதவன் எதை ரிப்போர்ட் செய்வது?

அன்றிரவு லாக்கப். காலையில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி நான்கு நாள் தடுப்புக் காவல் கேட்டார்கள். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் சார்பில் வந்த வழக்கறிஞர் தங்கச்சி, என் மகள் வயசுதான் இருக்கும், எழுந்து நின்று பேசியதில் அது இரண்டு நாளானது. என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை. அந்த உதவி இலவசம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

என் கையில் ஒரு பெரிய ஆதாரம் இருப்பதாக நினைத்திருந்தேன். டச் அண்ட் கோ என்ற டோல் அட்டையின் கணக்கில், பாலத்து டோல் (சுங்கம்) கட்டிய நேரம் காலை 6.08 என்று இருந்தது. 5.40க்கு தீவில் மோதியவன் 6.08க்குப் பிறைப் பக்கத்தில் டோல் கட்டுவானா? விசாரணை அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "டோல் தீவுக்குப் போகும்போதுதான். திரும்பி வர இல்லை. மோதிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி போயிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியது பிறையில் இருக்கும் மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. தினமும் அங்கே தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுத்தான் பாலம் ஏறுவேன். அங்கு வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி, நான் பிடிபட்டதைக் கேட்டதும் முதலாளியிடம் போய், "அந்த அண்ணன் அன்னைக்கு நம்ம கடையிலதான் இருந்தார், கேமராவைப் பாருங்க" என்றிருக்கிறார். அந்தக் கேமரா பத்து நாளுக்கு ஒருமுறை பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியும். யாரும் கேட்பதற்கு முன்பே முதலாளி எடுத்து வைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. கேமராவின் கடிகாரம் 11 நிமிடம் முந்தி ஓடுவது அவருக்குத் தெரியும். பின்னால் யாரும் அதை வைத்துக் குழப்பக் கூடாது என்று, கேமரா திரையையும் தன் கைத்தொலைபேசி மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். கூடுதலாக ஓடிய நிமிடங்களைக் கழித்துப் பார்த்தபோது, 5.28 முதல் 5.52 வரை நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வேன் வாசலில் நிற்கிறது.

பம்பர் நசுங்கலுக்குச் சாட்சியாக, வண்டிப் பட்டறையின் சீனத் தௌக்கே (முதலாளி) வந்தார். விபத்துக்கு மூன்று வாரம் முன்பே அவரிடம் விலை கேட்டிருந்தேன், கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டேன். அன்று எழுதிக் கொடுத்த சீட்டின் நகலைத் தேடி எடுத்து, கடையைப் பாதி நாள் மூடிவிட்டு பாலாய்க்கே (போலீஸ் நிலையத்துக்கே) கொண்டுவந்தார். வேலையைக் கொடுக்காத வாடிக்கையாளருக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

அந்த விசாரணை அதிகாரிக்கும் நன்றி. ஜெயிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அன்றே அனுப்பிவிட்டார்.

என் வேன் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள் பிறகு சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். இது நன்றி மடல் என்பதால் அவர்களை விட்டுவிடுகிறேன்.

அடிபட்ட பையனின் தாயாரைப் பற்றித்தான் எழுதத் தடுமாறுகிறேன். வெளியே வந்த பிறகு மருத்துவமனைக்குப் போனேன். கால் எலும்பு முறிந்து படுத்திருந்தான். அந்த மலாய் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றார். மன்னிப்பு கேட்க வேண்டியவன் வேறெங்கோ வெள்ளை வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவன் இன்னும் அகப்படவில்லை. அன்று விடிகாலை ஜெலுத்தோங் பக்கம் போனவர்கள் வண்டிக் கேமராவை ஒருமுறை பாருங்கள். அந்தப் பையனுக்கு அது வேண்டும்.

நான் மறுபடி பூ ஏற்றப் போகிறேன். மாமாக் கடையில் முதல் நாள் காசு வாங்கவில்லை. இப்போது போனால் அந்தத் தம்பி, "அண்ணே, இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க, முகம் நல்லாத் தெரியணும்" என்று கேமராவைக் காட்டுகிறார். நானும் திரும்பித்தான் உட்காருகிறேன்.